பதினெட்டாம் கோடு

அத்தியாயம் 5

"இந்த நாய்க்கு என்னைப் பிடிக்கல, பாஸ்."

"நாய்க்கு உன் ஷூதான் பிடிக்கல. காலை உள்ளே இழு, ரூஃபஸ்."

ரூஃபஸ் டாலிவர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். நாயும் நாற்காலிக்கு அடியில் போனது. அவன் முன்பு சிகாகோ மேற்குப் பகுதியில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒருநாள் வாண்டா புருஷின்ஸ்கி அவன் பஸ்ஸில் ஏறி, ஒரு ஜேப்படிக்காரனைக் காதைப் பிடித்து இறக்கினாள். அதைப் பார்த்து அவனும் பின்னாலேயே இறங்கிவிட்டான். அன்றிலிருந்து அவள் துப்பறிபவள், அவன் அவளுடைய உதவியாளன், பஸ் மட்டும் வேறு யாரிடமோ இருக்கிறது.

இப்போது இருவரும் மார்வா லிண்ட்குவிஸ்டின் சமையலறையில் ஏலக்காய் மணக்கும் பன்னைத் தின்றுகொண்டிருந்தார்கள். மார்வா நெட்டையான பெண். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். லசால் தெருவில் ஒரு டிரேடிங் ரூமில் உட்கார்ந்து சோயா பீன்ஸ் ஃப்யூச்சர்ஸ், அதாவது பின்னால் வரப்போகும் சரக்குக்கான ஒப்பந்தங்களை, வாங்கி விற்பது அவள் தொழில். வாங்கிய ஒப்பந்தத்தை அவள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்ததே இல்லை.

"என் சார்ட்ல ரெண்டு கோடு ஓடும்," என்றாள் மார்வா. "ஒன்பது, இருபத்தொண்ணு. கடைசி ஒன்பது விலையோட சராசரி ஒரு கோடு. கடைசி இருபத்தொண்ணோட சராசரி இன்னொண்ணு. சின்னக் கோடு பெரிய கோட்டைக் கீழேருந்து வெட்டினா வாங்குவேன். மேலேருந்து வெட்டினா விப்பேன். வாங்கின அடுத்த நொடி ஸ்டாப் லாஸ் போட்டுடுவேன். விலை நான் குறிச்ச அளவுக்கு இறங்கினா அதுவே வித்துட்டு வெளியே வந்துடும். ஒரு நாள்ல ரெண்டு தடவை அடி வாங்கினா எழுந்து வீட்டுக்கு வந்துடுவேன்."

"மூணாவது தடவை நல்லா வரும்னு தோணினா?" ரூஃபஸ் கேட்டான்.

"தோணும். தினம் தோணும். எனக்குத் தோணுறதை நான் கேக்கறதே இல்ல."

ரூஃபஸ் மரியாதையோடு ஒரு பன்னைக் கீழே வைத்தான். அவனுக்கும் போதும் என்று ஒருபோதும் தோன்றியதில்லை. பிறகு அதை மறுபடி எடுத்துக்கொண்டான்.

மேசையின் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த எவந்தியா கரூசோஸ் பெருமூச்சு விட்டாள். காதில் பெரிய தங்க வளையம், விரலில் அதைவிடப் பெரிய மோதிரம். அந்த டிரேடிங் ரூமின் பாதி அவளுடையது. மீதிப் பாதி அவள் கணவன் எலியாஸுடையது. வாண்டாவை அமர்த்தியவள் அவள்தான்.

"செவ்வாய்க்கிழமை இவளுக்கு ரெண்டு அடி. எழுந்து வந்துட்டா," என்றாள் எவந்தியா. "கொஞ்ச நேரம் கழிச்சு, இவ கணக்குல யாரோ சோயா வாங்கியிருக்காங்க. கொஞ்சநஞ்சமில்ல, வாங்க முடிஞ்ச வரைக்கும். ஸ்டாப் லாஸ் கிடையாது. அயோவாவுல மழை, விளைச்சல் நல்லா இருக்கும்னு செய்தி வந்ததும் விலை கல்லு மாதிரி விழுந்துச்சு. ரூம் விதிப்படி மார்க்கெட் மூடுறப்ப கம்ப்யூட்டரே எல்லாத்தையும் வித்துத் தள்ளிடுச்சு."

"இவங்க வீட்டுலேருந்தே வாங்கியிருக்கலாமே?" என்றாள் வாண்டா.

"எலியாஸும் அதைத்தான் சொல்றான். ஆசை வந்துடுச்சு, தோத்துட்டா, இப்ப மறுக்கிறான்னு. இன்னியோட இவளை வெளியே அனுப்பணுமாம்."

மார்வா கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். "பணம் போனா திரும்பச் சம்பாதிச்சுக்குவேன். ஸ்டாப் இல்லாம வாங்கினவன்னு பேர் பரவிடுச்சுன்னா லசால் தெருவுல எவனும் எனக்கு நாற்காலி தர மாட்டான். ரூம்ல இத்தனை பேர் இருக்காங்க. இந்த வாரம் பூரா ஒருத்தன்கூட என் முகத்தைப் பார்க்கல."

"உங்க பாஸ்வேர்டு என்ன? யாருக்குத் தெரியும்?"

மார்வாவின் முகம் முதல்முறையாகச் சிவந்தது. "நிஸ்ஸே."

தன் பேரைக் கேட்டதும் நாய் நாற்காலிக்கு அடியிலிருந்து ஓடி வந்தது.

"இவன் படம் என் மேசையில இருக்கு," என்றாள் மார்வா இன்னும் மெதுவாக. "கீழே பேரும் எழுதியிருக்கு."

"அப்போ நாயையும் சேர்த்து எல்லாருக்கும் தெரியும்," என்றான் ரூஃபஸ்.

வாண்டா அவனைக் கண்ணால் அடக்கினாள். "மார்வா, மறுநாள் காலையில உங்க மேசையில ஏதாவது மாறியிருந்ததா? எவ்வளவு சின்ன விஷயமா இருந்தாலும் சரி."

"மேசையில இல்ல. சார்ட்ல. ஒன்பது ஒன்பதாவே இருந்துச்சு. இருபத்தொண்ணு இருந்த இடத்துல பதினெட்டு இருந்துச்சு. எலியாஸ்கிட்ட காட்டினேன். 'பதட்டத்துல நீயே மாத்தியிருப்பே'ன்னார். அந்த நம்பரை நான் தொட்டே பல வருஷமாச்சு."

வாண்டா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் கண்ணில் வந்த பளபளப்பை ரூஃபஸ் கவனித்தான். அது வந்தால் அவன் ஏதாவது வேஷம் கட்ட வேண்டியிருக்கும் என்று அர்த்தம்.

"வந்தவன் மார்வாவோட நாற்காலியில உட்கார்ந்திருக்கான்," என்றாள் வாண்டா. "வாங்கறதுக்கு முன்னாடி சார்ட்டைப் பார்க்கணும். ஆனா அடுத்தவங்க கோட்டுல அவனுக்குப் பார்க்க வராது. அடுத்தவங்க மூக்குக்கண்ணாடி மாதிரி. தன் நம்பரைப் போட்டுப் பார்த்திருக்கான். திரும்ப மாத்த மறந்துட்டான். பதினெட்டு யாரோட நம்பர்னு தெரிஞ்சா ஆளு கிடைச்சுடுவான்."

எவந்தியா சத்தமாகச் சிரித்தாள். "டிரேடர்ங்ககிட்ட அதைக் கேட்டு வாங்க முடியாது! எத்தனை பொண்டாட்டின்னு கேளு, சொல்லுவான். நம்பரை மட்டும் சொல்ல மாட்டான். என் புருஷன் முப்பது வருஷம் டிரேடிங் பண்ணினான், எனக்கே சொன்னதில்ல. இப்ப எனக்குச் சத்தியம் பண்ணிட்டு விட்டுட்டான், கணக்கையும் நான்தான் மூடினேன். அப்பவும் சொல்லல."

"கேட்டா சொல்ல மாட்டாங்க," என்றாள் வாண்டா. "திட்டினா?"

*

மதியம் சோயா மார்க்கெட் மூடியதும் எவந்தியா ரூமுக்குள் இரண்டு பெரிய பைகளோடு நுழைந்தாள். குழம்பில் முக்கிய இத்தாலியன் பீஃப் சாண்ட்விச்சின் வாசனை அவளுக்கு முன்பே உள்ளே போய்விட்டது. டிரேடர்கள் திரையை விட்டுத் தலையைத் தூக்கினார்கள்.

"சாப்பாடு என் செலவு," என்றாள் எவந்தியா. "அதுக்குப் பதிலா, ஒரு மேடம் சொல்றதைக் கொஞ்ச நேரம் கேக்கணும். டிரேடிங் வகுப்பு எடுக்கிறவங்க. பேர் வாண்டா."

முனகல் எழுந்தது. "வகுப்பா? தெரிஞ்சவன் எதுக்குங்க வகுப்பு எடுக்கிறான்?" என்றான் நடு வரிசையில் இருந்த செம்பட்டை முடி இளைஞன். கார்மக் டன்லீவி. மார்வாவின் மேசைக்கு அடுத்த மேசை அவனுடையது. ரூஃபஸ் அவனை ஏற்கெனவே மனத்துக்குள் கைது செய்திருந்தான். மார்வா போனால் அவளுடைய ஜன்னலோர மேசை இவனுக்குத்தான் வரும். நாயின் படம் இவன் பக்கம் பார்த்துத்தான் இருந்தது.

மார்வா யாரையும் பார்க்காமல் தன் மேசைப் பொருள்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கதவோரத்தில் எலியாஸ் கரூசோஸ் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். குட்டையான, அகன்ற மனிதன். முட்டைக்கண். கையில் சாண்ட்விச். பழைய காலத்தில் எக்ஸ்சேஞ்சின் தளத்தில், ஆளோடு ஆள் முட்டிமோதி நின்று கையைக் காட்டி வாங்கி விற்றவன்.

"இவர் ரூஃபஸ்," என்று வாண்டா தொடங்கினாள். "என் வகுப்புல படிச்சவர். முன்னே பஸ் ஓட்டிக்கிட்டிருந்தார்."

"இப்ப என் காரை வேற ஒருத்தர் ஓட்டுறார்," என்றான் ரூஃபஸ், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு. வாடகைக் கோட்டு. பின்பக்கம் தையல் விடும் சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டது.

வாண்டா வெள்ளைப் பலகையில் இரண்டு வளைந்த கோடுகள் போட்டாள். "சின்னக் கோடு பெரிய கோட்டை வெட்டினா வாங்கணும். இது உங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா நீங்க தப்பான நம்பர் வெச்சிருக்கீங்க. ஒன்பது, இருபத்தொண்ணு. இது ரெண்டுதான் நம்பர். மத்ததெல்லாம் குப்பை."

சாண்ட்விச் மெல்லும் சத்தம் நின்றது.

"ஐம்பது போடுறவன் இருக்கான். ரயில் போனப்புறம் பிளாட்பாரத்துல டிக்கெட் வாங்கி வெச்சிருக்கிறவன்."

"ஐம்பது ஒண்ணும் அப்படி மெதுவில்ல!" என்றார் மூலையிலிருந்த வழுக்கைத்தலை. சொன்ன பிறகு அவருக்கே தன் வாய்மேல் கோபம் வந்தது.

ரூஃபஸுக்குப் புரிந்துவிட்டது. பாஸ் கல்லெறியவில்லை, ரொட்டித் துண்டு வீசுகிறாள். மீன்கள் தானாக மேலே வருகின்றன.

"அஞ்சு போடுறவன்," என்று வாண்டா தொடர்ந்தாள், "நாய் குரைச்சா வாங்குவான், பூனை கத்தினா விப்பான். அவன் கட்டுற கமிஷன்ல ஒரு வாழ்க்கை நல்லா ஓடும். அவன் வாழ்க்கை இல்ல, புரோக்கர் வாழ்க்கை."

"அஞ்சை, வேகத்தைக் காட்டுற ஆர்.எஸ்.ஐ. கோட்டோட சேர்த்துப் பார்க்கணும், மேடம்," என்றான் ஒருவன் சூடாக. பக்கத்திலிருந்தவன் அவனை வியப்போடு பார்த்தான். "நீ அஞ்சா?"

அடுத்த கொஞ்ச நேரத்தில் வருஷக்கணக்காகப் பூட்டிவைத்த ரகசியங்கள் சாண்ட்விச் குழம்போடு சேர்ந்து தரையில் சொட்டின. பதிமூன்றைத் திட்டியதும் ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான். முப்பதுக்காக இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து பேசினார்கள். கார்மக் மட்டும் வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்து தின்றுகொண்டிருந்தான்.

"கடைசியா," என்றாள் வாண்டா. பலகையில் பெரிதாக 18 என்று எழுதினாள். "இது."

எல்லோரும் அடுத்த வசவுக்காகப் பலகையைப் பார்த்தார்கள்.

"இதைப் போடுறவனைப் பத்தி நான் என்ன சொல்ல? இருபத்தொண்ணு வரைக்கும் எண்ணப் பொறுமை இல்லாதவன். பேன்ட்டைப் பாதி போட்டதுமே வெளியே ஓடி வந்தவன்."

கார்மக் இருமினான். முகம் தக்காளியாகச் சிவந்தது. கண்ணில் நீர் முட்டியது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாயைப் பொத்தியபடி கதவை நோக்கி ஓடினான்.

ரூஃபஸ் இதற்காகவே காத்திருந்தான். குறுக்கே பாய்ந்து இரு கைகளையும் விரித்தான். கோட்டின் முதுகு மேலிருந்து கீழ்வரை கிழிந்தது.

"எங்கே தம்பி அவ்வளவு அவசரம்?"

"தண்... ணி," என்றான் கார்மக்.

"பதினெட்டுன்னதும் தண்ணி தவிக்குதா?"

"மிளகா!" கார்மக் கையிலிருந்த சாண்ட்விச்சை அவன் மூக்குக்கு நேராக நீட்டினான். உள்ளே ஊறின பச்சை மிளகாய் முழுசு முழுசாகக் கிடந்தது. "எவன்டா காரம் போடச் சொன்னது? என் நம்பர் முப்பது! அங்கே கத்திக்கிட்டு இருக்காங்களே, அந்த ரெண்டு பேருக்கும் முப்பதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்! வழியை விடுய்யா!"

ரூஃபஸ் வழியை விட்டான். ரூம் முழுவதும் அவன் முதுகைப் பார்த்துச் சிரித்தது. அவன் வாண்டாவைப் பார்த்தான். அவள் முகத்திலும் ஒரு நொடி ஏமாற்றம் வந்து போனது. ஆனால் அவள் பலகையை விட்டு நகரவில்லை. எவந்தியாவின் லேப்டாப்பை இழுத்து ஏதோ தட்டினாள். சுவரில் தொங்கிய பெரிய திரையில் சோயாவின் சார்ட் விரிந்தது.

"போன செவ்வாய்க்கிழமை," என்றாள். "பாருங்க. பதினெட்டுக் கோடு இங்கே வாங்குன்னு சொல்லுது. எவனோ ஒரு புத்திசாலி அதை நம்பி வாங்கியிருப்பான். கொஞ்ச நேரத்துல..." விரலை மேலிருந்து கீழே சறுக்கினாள். "தொபுக்கடீர். பதினெட்டு ஒரு பொய்க் கோடு. முட்டாளுக்குன்னு முட்டாள் கண்டுபிடிச்சது."

"மறுநாள் காலையில எங்கே இருந்துச்சுன்னு காட்டும்மா!"

இடி மாதிரி வந்த அந்தக் குரல் கதவோரத்திலிருந்து வந்தது. எலியாஸ் சுவரை விட்டு நிமிர்ந்திருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"காட்டு! ஏறுச்சா இல்லையா? வாங்கின விலைக்கு மேலேயே போச்சு! அயோவாவுல மழையும் இல்ல, மண்ணும் இல்ல. பதினெட்டு பொய் சொல்லாது! எங்க வீட்டைக் கட்டினது பதினெட்டு! என் பொண்ணு காலேஜுக்குப் போனது பதினெட்டு! நீ வெள்ளைப் பலகையில கிறுக்கிட்டு வந்து என்கிட்டயே..."

"அது சரிங்க," என்றாள் வாண்டா சாந்தமாக. "ஆனா செவ்வாய்க்கிழமை வாங்கினவன் கையில செவ்வாய்க்கிழமையே நஷ்டம்தானே? விழறப்ப பார்த்துக்கிட்டுச் சும்மா இருந்த முட்டாள்தானே அவன்?"

"பார்த்துக்கிட்டு இருந்தாத்தானே! விழ ஆரம்பிச்சதும் வித்திருப்பேன்! என் பொண்டாட்டி மட்டும் போன் பண்ணி என்னை டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போகலேன்னா நான்..."

நின்றுவிட்டான்.

வாய் திறந்தபடி இருந்தது. சாண்ட்விச்சிலிருந்து குழம்பு சொட்டுச் சொட்டாக அவன் ஷூவில் விழுந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிய கார்மக் வாசலிலேயே நின்றான். மார்வாவின் கை பெட்டிக்கு மேல் அந்தரத்தில் நின்றது.

"எலியாஸ்," என்றாள் எவந்தியா. மிக மெல்லிய குரல். அதைக் கேட்டு ரூஃபஸே ஓரடி பின்வாங்கினான். "இதய டாக்டர்கிட்ட போகணும், கீழே வான்னு உன்னைக் கூப்பிட்டேன். எங்கே இருக்கேன்னு கேட்டேன். என்ன சொன்னே?"

"பாத்ரூம்ல இருக்கேன்னு."

"எங்கே இருந்தே?"

எலியாஸ் மார்வாவின் நாற்காலியைப் பார்த்தான்.

"சும்மாதான் பார்க்கப் போனேன்," என்றான் கடைசியில். "நாற்காலி காலியா இருந்துச்சு. மார்க்கெட் ஓடிக்கிட்டு இருந்துச்சு. எனக்கு ரெண்டு வருஷமா ஒரு சார்ட் கிடையாது, எவந்தியா. நாய் பேரை அடிச்சேன், திறந்துச்சு. பதினெட்டைப் போட்டு எப்படி இருக்குன்னு பார்ப்போமேன்னு போட்டேன். போட்ட நிமிஷம் கோடு வெட்டுச்சு. என் கண்ணு முன்னாடியே. கை தானா போயிடுச்சு."

"ஸ்டாப் லாஸ்?" என்று முதல்முறையாக மார்வா வாய் திறந்தாள்.

"நாங்க தளத்துல நின்ன காலத்துல ஸ்டாப் மனசுலதான் இருக்கும்."

"மனசை டாக்டர்கிட்ட கொண்டு போயிட்டீங்க."

யாரோ பின்னால் சிரித்து, உடனே நிறுத்தினார்கள். எலியாஸ் தலை குனிந்தான். "டாக்டர் அறையில போனை அணைக்கச் சொன்னாங்க. திரும்பி வந்து பார்த்தா எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. டாக்டர் சொன்னதைவிட நீ என்ன சொல்லுவேங்கிறதுதான் பயமா இருந்துச்சு, எவந்தியா. அதான் மார்வா மேல பழியை..."

எவந்தியா வாண்டாவின் பக்கம் திரும்பினாள். "நான் காசு கொடுத்து உன்னை வெச்சது என் புருஷனைப் பிடிக்கவா?"

"யாரைப் பிடிக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லையே."

ரூஃபஸ் அருகில் வந்து கிசுகிசுத்தான். "பாஸ், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது. நானும் கார்மக்னுதான் நினைச்சேன்," என்று உதட்டை அசைக்காமல் சொன்னாள் வாண்டா. "இதை வெளியே சொன்னே, கோட்டு வாடகை உன் சம்பளத்துல."

எலியாஸ் மார்வாவின் மேசைக்கு நடந்து வந்தான். அருகில் நின்றால் அவள் தோளுக்குத்தான் வந்தான். "நஷ்டம் பூரா என்னோடது. உன் லாபத்துல ரூம் எடுக்கிற பங்கு இருக்கே, அதுவும் இனிமே வேண்டாம். போகாதே, மார்வா. கேட்டுக்கிறேன்."

மார்வா அவனைப் பார்த்தாள். ரூஃபஸுக்கு அவள் அழப்போகிறாள் என்று தோன்றியது. அழவில்லை. அவள் கோபமாக இருந்தாள். இந்த வாரம் முழுவதும் காட்டாமல் அடக்கிய கோபம்.

"உங்க பங்கை நீங்களே வெச்சுக்குங்க," என்றாள். "எனக்குப் பணம் வேண்டாம். நீங்க என்னைப் பத்திச் சொன்னது இந்த ரூமுக்கு மட்டுமில்ல, தெரு பூரா தெரியும். அதே மாதிரி இதையும் சொல்லுங்க." பக்கத்து நாற்காலியை இழுத்து நடுவில் போட்டாள். "இது மேல ஏறி நின்னு."

"இங்கேயா?"

"இங்கேயிருந்து தொடங்குங்க."

எலியாஸ் மனைவியைப் பார்த்தான். எவந்தியா சாண்ட்விச் பொட்டலம் ஒன்றைப் பிரித்து நிதானமாகக் கடித்துக்கொண்டு, ஏறு என்பதுபோலத் தலையை ஆட்டினாள். கார்மக் வந்து நாற்காலியை ஆடாமல் பிடித்துக்கொண்டான். எலியாஸ் மூச்சிரைக்க ஏறி நின்றான். ரூம் முழுவதும் அண்ணாந்து பார்த்தது.

"செவ்வாய்க்கிழமை வாங்கினது... மார்வா இல்ல," என்று தன் சட்டைப் பித்தானிடம் சொன்னான். "நான்தான்."

"கேக்கல," என்றாள் மார்வா.

எலியாஸ் நிமிர்ந்தான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். பிறகு, தளத்தில் நின்று நூறு பேர் கூச்சலுக்கு மேல் விலை கூவியவனின் குரல் கிளம்பியது.

"மார்வா இல்ல! நான்தான் வாங்கினேன்! ஸ்டாப் போடாம வாங்கினதும் நான்தான்! பழியை அவ மேல போட்டதும் நான்தான்!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து அலுவலகத்திலிருந்து யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். வழுக்கைத்தலைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். எலியாஸ் மேலே நின்று, முகம் வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

மார்வா எவந்தியாவின் பக்கம் திரும்பினாள்.

"டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க," என்றாள். "நெஞ்சு நல்லாத்தான் வேலை செய்யுது."